சிவப்புக்கு அடியில் இருந்த பச்சை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்றைக்கு உங்களோடு ஒரு சின்ன வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நீளம் ஆறடிகூட இல்லை. புல் வெட்டும் இயந்திரத்தில் இருக்குமே, அந்த மாதிரி என்ஜின். ஆனால் உருவம் மட்டும் 1965-ல் உலகமே வாய் பிளந்து பார்த்த ஒரு பந்தயக் காரின் உருவம். இந்த கோ-கார்ட்டைத்தான் கடந்த இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன்.

இது என் சித்தப்பாவுடையது. அவர் செம்பவாங் கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். 1971-ல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியபோது அங்கிருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு குடும்பம் தங்கள் பையனின் வண்டியைச் சித்தப்பாவிடம் கொடுத்தது. எனக்கு அப்போது 11 வயது, சித்தப்பா மகனுக்கு ஒன்பது. தளத்துக் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த திடலில் நாங்கள் அடித்த சுற்றுகளுக்குக் கணக்கே இல்லை.

அப்புறம் சித்தப்பா வீட்டார் வீடு மாறினார்கள். அடுக்குமாடி வீட்டில் கோ-கார்ட்டுக்கு ஏது இடம்? சித்தப்பாவின் சீன நண்பர் ஒருவர் கார் பட்டறை வைத்திருந்தார். அவர் தன் பரணில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் அப்படியே தொங்கியது. தொழிலை மூடும் நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உன் சித்தப்பா சாமான் இருக்கு. எடுத்துக்கிறியா, இல்லை பழைய சாமான் வாங்கும் காரங் கூனி ஆளை வரச் சொல்லவா?" அன்று மாலையே லாரி பிடித்துக்கொண்டு போய்விட்டேன்.

உருவத்தைப் பற்றிச் சொல்கிறேன். சுருட்டு மாதிரி நீண்ட மூக்கு, நடுவில் ஓட்டுநர், அவர் முதுகுக்குப் பின்னால் என்ஜின். இது லோட்டஸ் 38 என்ற பந்தயக் காரின் உருவம். 1965-ல் ஜிம் கிளார்க் என்ற பந்தய ஓட்டுநர் இந்தக் காரில்தான் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். 200 சுற்றில் 190 சுற்று அவரே முன்னால். என்ஜின் பின்னால் இருக்கும் கார் அந்தப் பந்தயத்தை வென்றது அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு அங்கே முன்பக்க என்ஜின் காரின் காலம் முடிந்தது. கரும்பச்சை உடம்பு, நடுவில் மஞ்சள் பட்டை, எண் 82. அங்கே ஓடும் தடம் முழுக்க இடப்பக்கம் திரும்புவது, அதனால் நிஜக் காரின் உடம்பையே சக்கரங்களுக்கு நடுவில் வைக்காமல் இடப்பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். குழந்தைகள் வண்டியில் அதெல்லாம் இல்லை, நேராகத்தான் இருக்கிறது. ஆனால் மூக்கின் வளைவும், பின்னால் கொம்பு மாதிரி மேலெழும் புகைக்குழாய்களும் அச்சு அசல்.

கோ-கார்ட்டே அப்போது புது விஷயம். 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், பந்தயக் கார் கட்டும் தொழிலில் இருந்தவர், குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, ஒரு சின்ன இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினைப் பின்னால் வைத்து ஓட்டிக் காட்டினார். அங்கிருந்துதான் தொடக்கம். ஸ்பிரிங் கிடையாது. இரும்புச் சட்டம் கொஞ்சம் முறுக்கிக் கொடுப்பதுதான் அதன் சஸ்பென்ஷன்.

எங்கள் வண்டியின் வயதை என்ஜினே சொன்னது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், மூன்று குதிரைச் சக்தி, 127 சிசி. மேல் மூடியின் தகட்டில் ஒரு நீள எண் அடித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு நாள். துருவைத் துடைத்துப் பார்த்தேன்: 66, 07. ஜூலை 1966. கிளார்க் வென்ற மறு வருடம்.

நான் 35 வருடம் விமான என்ஜின் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன். அங்கே எல்லாவற்றுக்கும் கையேடு உண்டு. கையேட்டில் இருப்பதை மட்டும்தான் செய்யலாம். இந்த வண்டிக்குக் கையேடு இல்லை. என்ஜினுக்கு மட்டும் உண்டு, அந்த என்ஜினே என்னை மூன்று வாரம் சுற்றலில் விட்டது.

கயிற்றை இழுத்தால் "டப்" என்று ஒரு உதை. கயிறு கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். கார்பரேட்டராக இருக்குமோ என்று பார்த்தேன். அதன் ரப்பர் டயாஃப்ரம் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது, மாற்றினேன். பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயின்ட்டைத் துடைத்து, அதன் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்தேன். பிளக்கில் நீலப் பொறி நன்றாக வந்தது. ஃபிளைவீலை, அதாவது என்ஜின் தண்டோடு சுழலும் கனமான சக்கரத்தை, எதிர்ப்பக்கம் சுண்டிவிட்டால் துள்ளித் திரும்பியது, அப்படியானால் அழுத்தமும் சரி. பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. ஆனாலும் உதை நிற்கவில்லை.

கடைசியில் ஃபிளைவீலைக் கழற்றினேன். அதை என்ஜின் தண்டோடு ஒரே நிலையில் பிடித்து வைக்க ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும், கீ என்போம். வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள். என்ஜின் திடீரென்று சிக்கி நின்றால் அந்தத் துண்டு அறுந்து, தண்டு தப்பிக்கும். எங்களுடையது பாதி அறுந்து, ஃபிளைவீல் ஒரு நூலளவு நகர்ந்திருந்தது. ஃபிளைவீலில் காந்தம் இருக்கிறது. அது பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைக் கடக்கும் நேரமும் பாயின்ட் திறக்கும் நேரமும் ஒத்துப்போக வேண்டும், பிஸ்டன் மேலே வரும் கணத்தோடும் ஒத்துப்போக வேண்டும். நூலளவு பிசகினாலும் இந்த உறவு கெட்டுவிடும். புதுக் கீ சில வெள்ளிதான். உறுதியாக இருக்கட்டும் என்று எஃகில் ஒன்று அடித்துப் போடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அறுவதற்கென்றே இருக்கிற பொருள் அது. மென்மையான கீயையே போட்டேன். நான்காவது இழுப்பில் என்ஜின் பிடித்தது.

சக்கரம் பெரிய தலைவலியாக இருக்கவில்லை. அந்த அளவு டயரைப் பாரம் தள்ளும் கைவண்டிகளுக்கு இன்றும் விற்கிறார்கள்.

உடம்புதான் வேலை வாங்கியது. அது கண்ணாடியிழை, நாம் ஃபைபர் என்று சொல்வது. மூக்கில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, மேலெங்கும் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. இழையை ஒட்டும் ரெசின் என்ற பிசினில், அதை இறுக வைக்கும் ஹார்டனர் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் அளவை அப்படியே இங்கே போட்டால், தூரிகையை எடுப்பதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். முதல் டப்பாவில் புகையே வந்தது. பிறகு ஹார்டனரை நூற்றுக்கு ஒரு பங்காகக் குறைத்து, காலை ஏழு மணிக்கே வேலையைத் தொடங்கினேன். மழைக்கு முந்திய புழுக்கத்தில் ரெசின் பக்கமே போகக்கூடாது, ஈரக்காற்றில் மேல்பரப்பு பிசுபிசுத்துக்கொண்டே நிற்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இரண்டையும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டு, முகமூடி போட்டு, குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள்.

அப்படித் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தபோதுதான் பச்சை வந்தது. மேலே செம்பழுப்பு, அதற்கடியில் கரும்பச்சை, மஞ்சள் பட்டையின் ஓரம், வெள்ளை வட்டத்துக்குள் 82-ன் பாதி.

அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 1970 ஈஸ்டர் விடுமுறையில் அப்பா என்னை அப்பர் தாம்சன் சாலைக்குக் கூட்டிப் போனார். மரினா பே இரவுப் பந்தயம் நினைப்பிலேயே இல்லாத காலம். 1961-லிருந்து 1973 வரை, பேருந்து போகும் அந்தச் சாலையையே மூடிப் பந்தயம் விட்டார்கள். ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாதையோரத்திலேயே கால்வாய், விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம். உயிர்களும் போயின, பந்தயம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். நான் பார்த்த வருடம் நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் ஃபெராரி டினோவில் வென்றார். அந்தச் சிவப்பும் அந்தச் சத்தமும் பத்து வயதுப் பையனைப் பிடித்துக்கொண்டன. அடுத்த வருடம் இந்த வண்டி வந்ததும் சித்தப்பாவிடம் கெஞ்சினேன், சிவப்பு அடித்துத் தரும்படி. ஃபெராரி சிவப்புக்கு அவர் எங்கே போவார்? கப்பலின் அடிப்பகுதிக்கு அடிக்கும் செம்பழுப்பை வாங்கி வந்து தூரிகையால் அடித்துக் கொடுத்தார். எனக்கு அது ஃபெராரிதான்.

பழைய வண்டிகளில் ஆர்வமுள்ள நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் பச்சைக்கு மாற்று என்றார்கள். லோட்டஸ் உருவத்துக்குப் பச்சைதானே முறை, மதிப்பும் கூடும் என்றார்கள். லோட்டஸ் நம் சாலைக்கும் அந்நியம் இல்லை. 1966-ல், சிங்கப்பூர் கிராண்ட் பிரீ என்ற பெயரில் நடந்த முதல் பந்தயத்தை லீ ஹான் செங் வென்றது லோட்டஸில்தான். நானும் ஒரு மாதம் பச்சைப் பக்கமே சாய்ந்திருந்தேன்.

பிறகு சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். குழாய் உள்ளே துருப்பிடித்திருந்தால் மணிச்சத்தம் வராது, மொட்டையாகக் கேட்கும். பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு பழைய விரிசல், அதன்மேல் பித்தளை உருக்கிப் பற்றவைத்த ஒட்டு. நான் திட்டின்மேல் ஏற்றி உடைத்ததை, அப்பாவுக்குத் தெரியாமல் சித்தப்பா ஒட்டிக் கொடுத்த இடம். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அந்த ஒட்டு மணி மாதிரி ஒலித்தது. ராவித் தேய்த்துச் சமமாக்கப் பட்டறையில் கேட்டார்கள், வேண்டாமென்றேன். அதை அப்படியே விட்டுவிட்டு, உடம்பிலிருந்து மட்டும் அவர் அடித்த நிறத்தை எடுத்துப்போட எனக்குக் கை வரவில்லை.

ஆகவே வண்டி சிவப்புத்தான், அதே மங்கிய செம்பழுப்பு. உரிந்த பழைய பெயின்ட்டில் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு போய் பெயின்ட் கடையில் ஈயம் இல்லாத பெயின்ட்டில் நிறம் ஒப்பிட்டு வாங்கினேன். இருக்கைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பழைய பச்சையும் மஞ்சளும் தெரிய விட்டு, மேலே வார்னிஷ் பூசியிருக்கிறேன்.

பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் இதை ஓட்ட முடியாது. பட்டறைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில், அனுமதி வாங்கித்தான் ஓட்டினோம். சித்தப்பா மகன் வந்திருந்தான். இருவருமே இப்போது அதற்குள் நுழையமாட்டோம். அவனுடைய பேத்தி தலைக்கவசத்தோடு உட்கார்ந்து மூன்று சுற்று வந்தாள், நான்காவது கேட்டு அழுதாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஓட்டுநருக்கு முன்னால் சின்னதாக ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது, அதன் திருகுத் துளைகள் மட்டும் மிச்சம். உயரம் எவ்வளவு, வளைவு எப்படி என்று எங்கள் இருவருக்கும் நினைவில்லை. வீட்டில் இருந்த ஒரே புகைப்படத்தில் என் தலை அதை மறைக்கிறது. அந்த நாட்களில் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் இருந்த நேயர்கள் யாராவது, வீட்டுப் பழைய ஆல்பத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பந்தயக் கார் நிற்பதைப் பார்த்தால், தயவுசெய்து இந்த வானொலி நிலையத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

நன்றி, வணக்கம்.