ஆன்யூட்டி: ஆயுளோடு கணக்குப் பார்க்கும் வருமானம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஆன்யூட்டி என்ற சொல் வந்துவிடுகிறது. சிலர் அதை வட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் பென்ஷனுக்கு இன்னொரு பெயர் என்கிறார்கள். இந்தக் குழப்பத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டால், பல திட்டங்களில் பிறகு பணத்தைத் திரும்ப எடுக்க வழியிருக்காது. அந்தக் கவலையில்தான் இன்று இதைப் பேச வந்திருக்கிறேன்.

ஆண்டு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ஆண்டுதோறும் தரும் தொகை என்று பொருள். தமிழில் ஆண்டுத்தொகை என்றும் எழுதுகிறார்கள். இப்போது மாதாமாதம் வந்தாலும் பெயர் மாறவில்லை. காப்பீட்டு நிறுவனம் போன்ற ஒன்றிடம் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, குறித்த காலத்துக்கோ ஆயுள் முழுவதுமோ நிலையான வருமானம் வாங்கிக்கொள்வதுதான் ஏற்பாடு.

வட்டியிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? வட்டி வாங்கும்போது அசல் அப்படியே இருக்கும். இங்கே அசலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. நூறு கொடுத்து, 6 சதவீத வட்டிக் கணக்கில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 8.72 கிடைக்கும். முதல் ஆண்டில் அதில் 6 வட்டி, மீதி 2.72 உங்கள் அசலேதான். 20 ஆண்டு முடியும்போது அசலும் தீர்ந்திருக்கும். வீட்டுக்கடன் தவணையும் இதே கணக்குத்தான், திசை மட்டும் வேறு. அங்கே மொத்தமாகக் கொடுத்தது வங்கி, மாதாமாதம் வாங்கிக்கொள்வதும் வங்கி. ஆகவே "எட்டே முக்கால் வட்டி கிடைக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இது காலம் குறித்த வகை. ஆயுள் முழுவதும் தரும் வகையில்தான் இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் இருக்கிறது. ஒருவர் எத்தனை வயது வரை இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே வயதுள்ள பல்லாயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால், சராசரி ஓரளவு தெரியும். முன்னதாகக் காலமானவர்களின் பங்கு, நெடுநாள் வாழ்பவர்களுக்குப் போகிறது. தொண்ணூறைத் தாண்டியும் பணம் நிற்காமல் வருவது அதனால்தான். கையிருப்பு தீர்ந்த பிறகும் உயிரோடு இருக்க வேண்டிவந்தால் என்ன செய்வது என்ற பயம் முதுமையில் சாதாரணமானதல்ல. அந்தப் பயத்துக்கு மனிதர்கள் கண்ட நல்ல பதில்களில் ஒன்றாகவே இதை நான் மதிக்கிறேன்.

இந்தக் கணக்கு மிகப் பழையது. ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் பெயரில் மூன்றாம் நூற்றாண்டு அட்டவணை ஒன்று உண்டு. உயில் மூலம் ஒருவருக்கு வாழ்நாள் பராமரிப்பு எழுதிவைத்தால் அதன் மதிப்பு என்ன என்று பார்ப்பதற்காக எழுந்தது. பெறுபவர் இருபது வயதுக்குள் இருந்தால் 30 ஆண்டுத் தொகை என்று மதிப்பு, அறுபதைத் தாண்டினால் 5 ஆண்டுத் தொகை. பின்னர் 1671-இல் ஹாலந்தின் அரசியல் தலைவர் யான் தெ விட், 1693-இல் வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி, இருவரும் இறப்புக் கணக்கை வைத்து வயதுக்கேற்ற விலையைக் கணித்துக் காட்டினார்கள்.

அதைக் கேட்காமல் போன அரசுகளும் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் அரசு, வயது பாராமல் எல்லாருக்கும் ஒரே விலையில் வாழ்நாள் ஆன்யூட்டி விற்றது. ஜெனிவா வங்கியாளர்கள் சும்மா இருப்பார்களா? நல்ல குடும்பத்துப் பெண் குழந்தைகளில், பெரியம்மை கண்டு பிழைத்தவர்களாகத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரில் வாங்கினார்கள். அந்தக் குழந்தை உயிரோடு இருக்கும்வரை வங்கிக்குப் பணம் வரும். சாமர்த்தியமான கணக்குத்தான். ஆனால் பிரெஞ்சுப் புரட்சி வந்தது, அரசு சொன்னபடி தர முடியாமல் போயிற்று. குழந்தைகளின் ஆயுளை எடைபோட்டவர்கள், கொடுப்பவரின் ஆயுளை எடைபோடவில்லை. யாரிடம் வாங்குகிறோம் என்பதுதான் நான் முதலில் பார்க்கச் சொல்வது.

அடுத்தது விலைவாசி. நிலையான தொகை என்றால், தாளில் எழுதிய எண் மாறாது. அதன் வாங்கும் சக்தி மாறும். விலைகள் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டுகளில் அதே தொகைக்குப் பாதிச் சாமான்தான் வரும். ஆண்டுதோறும் கொஞ்சம் உயரும் வகைகளும் உண்டு; ஆரம்பத் தொகை குறைவாக இருக்கும்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. ஒருவர் ஆயுளுக்கு மட்டும் வாங்கினால், அவரோடு வருமானமும் நின்றுபோகும். கணவன், மனைவி இருவரில் யார் இருக்கும்வரையிலும் தொடரும் கூட்டு ஆயுள் வகை தனியாக உண்டு. வாரிசுக்கு அசல் திரும்பும் வகையும் உண்டு. இரண்டிலும் மாதத் தொகை குறையும். குறைகிறதே என்று அவசரப்பட்டு ஒற்றை ஆயுளை எடுத்துவிடாதீர்கள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது வாழ்க்கைத் துணையும் பக்கத்தில் இருக்கட்டும். தனக்கு என்ன வரும், எதுவரை வரும் என்று அவரும் வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நன்றி. வணக்கம்.