வெட்டிய கிளை எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் பக்கம் போனவர்கள் கரிமூட்டம் பார்த்திருப்பீர்கள். சீமைக் கருவேல விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே தழை போட்டு, மண் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். காற்று தாராளமாகப் புகுந்தால் விறகு சாம்பலாகிவிடும். அடக்கி வைத்தால் கரியாகும். அடுப்புக்குப் போகும் அந்தக் கரியை மண்ணுக்குக் கொடுத்தால் அதற்குப் பயோசார் என்று பெயர்.

ஸ்வீடனின் தலைநகரம் ஸ்டாக்ஹோம், பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வெட்டிப் போட்ட கிளைகளை இப்படிக் கரியாக்குகிறது. 2014இல் ப்ளூம்பெர்க் அறக்கட்டளையின் மேயர்கள் போட்டியில் இந்த யோசனைக்குப் 10 லட்சம் யூரோ பரிசு கிடைத்தது. 2017 மார்ச்சில் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது.

மரம் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துத்தான் உடம்பு வளர்க்கிறது. கிளையைக் குப்பையோடு கொளுத்தினால் அத்தனையும் அன்றைக்கே காற்றுக்குத் திரும்பிவிடும். மக்கவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும். கரியாக்கினால் ஏறக்குறைய பாதிக் கார்பன் கரியிலேயே நின்றுவிடுகிறது. மண்ணுக்குள் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இருக்கும். அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் கரி கலந்து உருவாக்கிய கறுப்பு மண் இன்றும் வளமாகவே இருக்கிறது.

நம் மூட்டத்தில் ஒரு குறை உண்டு. புகை வெளியே போகும், அதில் கார்பன் டை ஆக்சைடைப் போலவே பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் போகும். பக்கத்தில் நிற்பவருக்குக் கண் எரியும். ஸ்டாக்ஹோமில் அந்தப் புகையையே எரித்து, வரும் வெப்பத்தில் தண்ணீரைச் சுடவைத்துக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். குளிர் நாட்டுக்கு அது பெரிய உபகாரம்.

எனக்கு மிகவும் பிடித்தது, கரியை அவர்கள் எங்கே போடுகிறார்கள் என்பது. தெருவோர மரங்களுக்கு அடியில். நடைபாதைக்குக் கீழே மண் இறுகிப்போய், வேருக்குக் காற்றும் நீரும் எட்டாமல் மரங்கள் வாடிக்கொண்டிருந்தன. நகரின் மர வல்லுநர் பியோர்ன் எம்ப்ரேன் முன்னின்று வழி கண்டார். பள்ளம் தோண்டிப் பெரிய ஜல்லியை நிரப்பி, இடுக்குகளில் எரு கலந்த கரியை இறக்கி, மழைநீரை அதற்குள் திருப்பிவிட்டார்கள். ஒரு கரித்துண்டை ஒடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: மரத்தின் நுண்குழாய்கள் அப்படியே தெரியும். தண்ணீரில் போட்டால் முதலில் மிதக்கும். துளைகள் நிறைய நிறைய மெல்ல அமிழும். வேருக்குப் பக்கத்தில் அது செய்யும் வேலையும் இதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வெறும் கரியைத் தொட்டியில் கொட்டாதீர்கள், மண்ணின் சத்தை முதலில் அதுவே பிடித்துக்கொள்ளும். தொழு உரத்தோடு சில வாரம் ஊறட்டும். பெயிண்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய மரம், இவற்றை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரத்தை அறுத்து ஓரமாகப் போட்டார்கள். இலை உதிர்ந்து, பட்டை உரிந்து, நாள்கணக்கில் கிடந்தது. அப்புறம் லாரி வந்து ஏற்றிப் போனது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது மழைக்காலத்துக்கு முன் கிளை வெட்ட ஆட்கள் வரும்போதெல்லாம் கேட்கிறேன். நீங்களும் உங்கள் வார்டில் கேளுங்கள். ஸ்டாக்ஹோமில் கிளையைக் கொண்டுவந்து கொடுக்கும் மக்கள், தங்கள் தோட்டத்துக்குக் கரி வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நன்றி, வணக்கம்.