பனிக்கட்டியில் திரும்பியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

‘உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்.’ மத்தேயு 5:44. ஓய்வுநாள் பள்ளியில் இதை ஒப்பித்துப் பென்சில் டப்பா பரிசு வாங்கியவன் நான். அந்த வயதில் எனக்கு ஏது சத்துரு? பிற்பாடு ஒரு வரப்புத் தகராறு கோர்ட் வரைக்கும் போனபோதுதான் வசனம் தொண்டையில் சிக்கியது. அப்போது வயதான போதகர் ஒருவர் டிர்க் வில்லம்ஸ் கதையைச் சொன்னார்.

நெதர்லாந்தில் ஆஸ்பெரன் என்ற சிற்றூர். 16ஆம் நூற்றாண்டு, ஸ்பெயின் மன்னரின் ஆட்சி. வளர்ந்தபின் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தார், தன் வீட்டில் பிறருக்கும் கொடுக்க இடம் தந்தார்: டிர்க்மேல் இதுதான் குற்றம். அன்று அதற்கு மரணதண்டனை. துணிகளை முடிச்சுப் போட்டு, ஜன்னல் வழியே இறங்கிச் சிறையிலிருந்து தப்பினார். எதிரே உறைந்த நீர்நிலை, மேலே மெல்லிய பனிக்கட்டி. எப்படியோ கடந்துவிட்டார். துரத்தி வந்த சேவகன் கால்பட்டதும் அது உடைந்தது.

இந்த இடத்தை டச்சு ஓவியர் யான் லாய்கன் 1685இல் செப்புத்தகட்டுச் சித்திரமாகச் செதுக்கியிருக்கிறார். டிர்க் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டுகிறார். சேவகன் தண்ணீருக்குள். டிர்க்கின் மனதில் அவன்மேல் பாசம் பொங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உயிர் போகிறது, ஓடிவந்து தூக்கினார், அவ்வளவுதான். பாசம் வரட்டும் என்று காத்திருந்தால் அவன் மூழ்கியிருப்பான்.

பிரசங்கங்களில் கதையைப் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மீதி வசதியாக இல்லை. கரையேறிய சேவகன் டிர்க்கை விட்டுவிடத்தான் பார்த்தான். நகரத் தலைவரோ, ‘உன் சத்தியப் பிரமாணத்தை நினைத்துப் பார்’ என்று அதட்டினார். காப்பாற்றப்பட்டவனே பிடித்துக் கொடுத்தான்.

1569 மே 16. டிர்க்கை எரித்தார்கள். பலத்த கீழைக்காற்று தீயை மேலுடம்பிலிருந்து விலக்கித் தள்ளியதால் சாவு இழுத்துக்கொண்டே போனது. காற்று வீசிய பக்கம் லேர்டம் ஊர். ‘ஆண்டவரே, என் தேவனே’ என்று எழுபது தடவைக்கு மேல் அவர் கதறியது அங்கேயும் கேட்டதாம். குதிரைமேலிருந்த அதிகாரிக்கே தாங்கவில்லை, சீக்கிரம் முடி என்று தண்டனையை நிறைவேற்றுபவனிடம் சொல்லிவிட்டார்.

கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ‘இதில் என்ன பலன், ஐயா?’ என்றேன். ‘பலன் கிடைக்கும் என்று வசனத்தில் இருக்கிறதா தம்பி?’ என்றார் போதகர்.

எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா நாளில் எதிர்க்கட்சிக்காரரும் நானும் ஏறுவது ஒரே பஸ். போன தடவை அவர் நின்றுகொண்டே வந்தார், நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். பேசிக்கொள்ளவில்லை.

வணக்கம்.