சும்மா இருக்கும் பொழுதுக்கு ஒரு வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியவர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'நம்பிக்கையூட்டும் அறிவியல் புனைகதை பிறப்பது ஓயாத உழைப்பிலா, சும்மா இருக்கும் பொழுதிலா?' இதுதான் இன்றைய தலைப்பு. சும்மா இருக்கும் பொழுதில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், 'சோம்பல் ஒரு வரிகூட எழுதாது' என்று முழங்கிவிட்டுப் போனார். எழுதி முடிக்க உழைப்பு வேண்டும், சரி. அந்த எண்ணம் முதலில் எந்த வேளையில் வந்தது என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு பெண்ணை அழைத்து வருகிறேன்.

ரொக்கேயா சகாவத் ஹுசைன். 1880இல் வங்காளத்தின் ரங்பூர் பக்கம் பிறந்தவர். பர்தா முறை கடுமையாக இருந்த வீடு. அண்ணன்தான் வீட்டாருக்குத் தெரியாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கணவர் பாகல்பூர் பகுதியில் துணை மாஜிஸ்திரேட். ஒருமுறை அவர் அலுவல் நிமித்தம் வெளியூர் போயிருக்கிறார். வீட்டில் தனியாக இருந்த ரொக்கேயா, பொழுதுபோவதற்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே அதைப் படித்து முடித்தாராம். அந்தக் கதைதான் 'சுல்தானாவின் கனவு'. 1905இல் அதை அச்சிட்டது எந்த ஊர் பத்திரிகை தெரியுமா? நம் சென்னைப் பத்திரிகை! கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்'.

கதை தொடங்குவதே ஒரு சாய்வு நாற்காலியில், நடுவர் அவர்களே. ஒருத்தி மாலை நேரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றிச் சோம்பலாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். தூங்கினேனா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அங்கிருந்து வேறொரு நாட்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே சமையலறையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று, குழாய்கள் பொருத்திய பலூனை மேகத்துக்கு மேலே நிறுத்தி வேண்டிய தண்ணீரை இறக்கிக்கொள்கிறது. பயணம் வானூர்தியில். 1905இல் இதை எழுதியிருக்கிறார் ஐயா! இன்றைக்கு நாம் மாடியில் சோலார் தகடு வைத்துவிட்டுப் பெருமைப்படுகிறோம்.

அந்தப் பெண்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அந்நாட்டு ஆண்கள் என்ன செய்தார்கள்? ராணுவ பலத்தைப் பெருக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். பலூனையும் சூரிய வெப்பத்தையும் பார்த்துக் கேலி பேசியவர்களும் அவர்கள்தான். மும்முரமாக இருப்பவனுக்கு அடுத்த வேலைதான் கண்ணில் படும். அழிவைக் கற்பனை செய்ய அது போதும். இன்றைய செய்தியை இன்னும் கொஞ்சம் நீட்டினால் நாளைய நாசம் கிடைத்துவிடும். நல்ல உலகம் அப்படி வராது. அங்கே அடுப்பு எப்படி எரியும், தண்ணீர் எங்கிருந்து வரும், பாத்திரத்தை யார் கழுவுவார்கள் என்று ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டும். அதற்கு மனது எங்கும் ஓட வேண்டியிராத ஒரு சாயங்காலம் தேவைப்படுகிறது.

எதிரணியில் பேசிய சகோதரி 2014இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் செய்த ஒரு சோதனையைச் சொன்னார். வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக உட்காரச் சொன்னால், 18 ஆண்களில் 12 பேர் அங்கே வைத்திருந்த பொத்தானை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே மின்சார அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். உண்மைதான். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமாகிவிட்டது என்பதற்குத்தான் அது சாட்சி. அதே 2014இல் இங்கிலாந்தில் சாண்டி மேன் குழு வெளியிட்ட ஆய்வும் இருக்கிறது. தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எண்களைப் பார்த்து எழுதும் சலிப்பான வேலையை முதலில் கொடுத்துவிட்டு, இரண்டு தெர்மாக்கோல் கோப்பைகளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். சலித்தவர்கள், சலிக்காதவர்களைவிடக் கூடுதலான வழிகளைச் சொன்னார்கள். சிறிய சோதனைதான், இதை வைத்தே வழக்கை முடித்துவிட நான் கேட்கவில்லை.

சகோதரி கேட்ட இன்னொரு கேள்வி என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. 'நாள் முழுக்க வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு ஏது சும்மா இருக்கும் பொழுது? அது வசதி படைத்தவர்களின் சொத்து' என்றார். ரொக்கேயாவுக்குக் கிடைத்த ஓய்வும் நான்கு சுவருக்குள் அடைபட்ட ஓய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓய்வில் அவர் என்ன எழுதினார் என்று பாருங்கள். அவர் படைத்த நாட்டில் வேலை நேரம் இரண்டே மணி! எப்படி முடியும் என்று சுல்தானா திகைக்கிறாள்; எங்கள் ஊர் மாஜிஸ்திரேட்டுகள் ஏழு மணி நேரம் வேலை செய்கிறார்களே என்கிறாள். அதற்கு வழிகாட்டும் பெண் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள்: ஒரு சுருட்டு புகைக்க அரை மணி, நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆறு மணி நேரம் புகையிலேயே போய்விடுகிறது. தனக்கு வாய்த்த பொழுதை எல்லோருக்கும் பங்கு போட்டுத் தந்த கதை அது. அந்த அம்மாவுக்கு ஓய்வு இல்லை என்றால், கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், சகோதரி, நானும் உங்களோடு சேர்ந்து நிற்கிறேன். ஓய்வே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்த அரங்கில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வதும், டிராயிங் பீரியடில் சயின்ஸ் டெஸ்ட் வைப்பதும் நம் பள்ளிகளில் நடக்காததா? மாலையில் டியூஷன், அது முடிந்தால் கையில் போன். பிள்ளைக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார ஒரு கால்மணி நேரம் மிஞ்சுவதில்லை. இப்படி வளர்த்துவிட்டு, இவர்களிடம் ஏன் புதிய கற்பனை இல்லை என்று நாமே குறைப்படுகிறோம்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எங்கள் பக்கம் வரும் என்று நம்புகிறேன். எப்படி வந்தாலும், அந்த டிராயிங் பீரியடைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.