நுனி இழந்த இரு விரல்களும் பிளாக் சபாத்தின் ஓசையும்

[காட்சி: பர்மிங்காம் நகரின் ஆலைகள், கறுப்பு வெள்ளைப் படங்கள்]

1965ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலை ஒன்றில் வேலை பார்த்துவந்த டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர், முழுநேரக் கிதார் கலைஞராகிவிட வேண்டும் என்று வேலையை விட்டு நிற்க முடிவு செய்திருந்தார். கடைசி நாளன்று, வேலைக்கு வராத ஒருவருக்குப் பதிலாகப் பழக்கமில்லாத இயந்திரத்தில் அவர் நின்றபோது, அது அவருடைய வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் பறித்துக்கொண்டது. அயோமி இடக்கைப் பழக்கம் உள்ளவர். கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான்.

தீக்காயத்தால் இரண்டு விரல்கள் முடங்கிய பின்னும் கிதாரில் சாதித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை, ஆலை மேலாளர் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கேட்டுத் துணிவு பெற்ற அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் துண்டை ஒட்டி, மெல்லிய பாஞ்சோ தந்திகளைக் கிதாரில் பூட்டி மறுபடியும் வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

[காட்சி: நால்வரின் இளமைக்காலப் படம்]

1968இல் அவரும், பாடகர் ஓஸி ஆஸ்பர்ன், பாஸ் கிதார் வாசித்த கீஸர் பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்டு ஆகியோரும் ஒன்றுசேர்ந்தார்கள். முதலில் புளூஸ் இசை வாசித்துக்கொண்டிருந்த இவர்கள், பணம் கொடுத்துப் பயப்படுவதற்காக மக்கள் திகில் படத்துக்கு வரிசையில் நிற்பதைக் கவனித்து, ‘பிளாக் சபாத்’ என்ற அந்தப் படத்தின் பெயரையே குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

அதே பெயரில் அமைந்த பாடலின் கிதார் வரி மூன்றே சுரங்களால் ஆனது. முதல் சுரமும் அதன் மேல்ஸ்தாயியும் ஒலித்த பிறகு, நம் சங்கீதக் கணக்கில் சொன்னால் ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்கு உள்ள தூரத்தில் மூன்றாவது சுரம் வந்து விழுகிறது. கல்யாணியில் நம்மை மகிழ்விக்கும் அதே இடைவெளியை, பழைய ஐரோப்பிய இசை இலக்கணம் சாத்தானின் பெயரால் அழைத்தது. மிக மெதுவாகவும் பெரும் ஓசையோடும் அதை வாசித்ததே இவர்கள் செய்த புதுமை. ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசை அங்கேதான் பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவான முதல் ஆல்பம், 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. விமர்சகர்கள் வெறுத்தார்கள், ஆனாலும் அது பிரிட்டனில் 8ஆம் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பமான ‘பாரனாய்ட்’ முதலிடத்துக்கே சென்றது. அதில் பட்லர் எழுதிய ‘வார் பிக்ஸ்’ பாடல், ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் அரசியல்வாதிகளை நோக்கிய கடும் கோபம்.

1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் சில பாடல்களுக்கு அயோமி தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். தளர்ந்த தந்தி காயம்பட்ட விரலுக்கு இதமாக இருந்தது, கூடவே ஓசையும் கனத்தது. இன்றைய மெட்டல் குழுக்கள் பலவும் தந்தியைத் தளர்த்தியே வாசிக்கின்றன.

[காட்சி: வில்லா பார்க் மைதானம்]

1979இல் போதைப் பழக்கத்தால் ஆஸ்பர்ன் நீக்கப்பட்டு, பாடகராக ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார். பிறகு பலர் வந்தார்கள், போனார்கள். எல்லா ஆல்பங்களிலும் இருந்தவர் அயோமி ஒருவரே. 2025 ஜூலை 5 அன்று, தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில் உள்ள வில்லா பார்க்கில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸ்பர்ன் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்து பாடினார். அடுத்த 17ஆம் நாள், 76 வயதில் காலமானார். அன்று மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்த அயோமியின் வலக்கை விரல்கள் இரண்டிலும் அந்த உறைகள் இருந்தன.