தூங்கி எத்தனை நாள் ஆகிறது?

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் 32 ஆண்டுகள் ஊழியம் செய்தவன் நான். எங்கள் ஊர்களில் ஆயரை ‘ஐயர்’ என்பார்கள். கடன், வரன், மாமியார் மருமகள் சண்டை, எதுவானாலும் முதலில் ஐயர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆலோசனை சொல்ல எனக்கும் பிடிக்கும். அங்கேதான் கால் வழுக்கும்.

ஒரு வீடு. ஊரைச் சொல்லமாட்டேன், அவர்கள் சம்மதித்ததால்தான் இதையே சொல்கிறேன். பிள்ளை பிறந்து பத்து நாள். “இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள்” என்று தாய் பால் கொடுக்க மறுக்கிறாள். போய் எண்ணெய் பூசி ஜெபித்தேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் உபவாசம் அறிவித்தேன். ஜெபித்ததைத் தப்பென்று சொல்லவில்லை. ஜெபம் மட்டும் போதும் என்று மூன்று நாளை நான் விழுங்கியதைச் சொல்கிறேன்.

உபவாசத்துக்கு வந்த ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “மகளே, தூங்கி எத்தனை நாள் ஆகிறது?”

“பிள்ளை பிறந்ததிலிருந்து தூங்கவில்லை. கிணற்றில் போடு, கிணற்றில் போடு என்று காதில் குரல் கேட்கிறது.”

மூன்று நாளும் பேசியது நான். அந்த ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை.

அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். கீழ்ப்பாக்கம் என்றாலே கேலிப் பேச்சாகிவிட்ட நாடு இது. “ஐயர் வருவீர்களா?” என்று மாமியார் கேட்டார். போனேன். அனுப்பிவைக்கவில்லை, கூடப் போனேன். பிரசவத்துக்குப் பின் ஆயிரத்தில் ஓரிரு பெண்களுக்கு வரும் மனநோய் இது, தாமதிக்கக் கூடாதது, மருந்தால் தீரும் என்றார் மருத்துவர். பிறகு அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் நான்தான். தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழுதது, தாய் சிரித்தாள்.

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். இதை நான் சொல்லாத பிரசங்கம் இல்லை. “இன்றைக்கும் அடைதானா?” என்பார் என் மனைவி. இன்றைக்கும் அடைதான்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மீதியை விரைவாகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், யாருக்கும் கேட்காத குரல் கேட்டால், மருத்துவர் வேண்டும். கடவுளிடம் பொருத்தனை பண்ணிக் குடியை ஒரே நாளில் நிறுத்தியவர் கை நடுங்கி உளறினால் அது பிசாசு இல்லை. உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனை. மனமுடைந்தவரிடம், சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அரசின் மனநல உதவித் தொலைபேசி, டெலி மானஸ், எண் 14416. கட்டணமில்லை, நடு இரவிலும் தமிழிலேயே பேசலாம். ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.

மாத்திரையை நிறுத்திவிட்டு, ஜெபத்தால் சுகமானேன் என்று சபையில் சாட்சி சொல்கிறவர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன். நேரமில்லை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வணக்கம்.