உண்ட வீட்டுக்கு ரெண்டகம் வேண்டாம்: ஆராதனையும் காவிரிக் கரையும்

(ஆராதனைக்கு முன்னாடி எங்க ஊர் மண்டபத்துல நடந்த கூட்டத்துல நான் பேசினது. கேட்டவங்களுக்காக எழுதி போட்டிருக்கேன்.)

மேடையில இருக்கற தலைவர் அய்யா அவர்களே, எனக்கு முன்னாடி அருமையா பேசி உக்காந்த இசைக் கல்லூரி பேராசிரியர் அம்மா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவுல நேரம் ஒதுக்கி வந்திருக்கற சுகாதார ஆய்வாளர் அவர்களே, பொன்னாடை போட வந்தப்ப "எனக்கு வேணாம், தெனம் வாசல் பெருக்குற அந்த அம்மாவுக்கு போடுங்க"ன்னு சொன்ன வர்த்தகர் சங்க அண்ணன் அவர்களே, அந்த பொன்னாடைய வாங்கிக்கிட்டு முன் வரிசையில உக்காந்திருக்கற அம்மா அவர்களே, மைக் செட் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். யார் பேரையாவது விட்டிருந்தா பெரிய மனசு பண்ணி பொறுத்துக்கங்க.

ரெண்டு விஷயம் பேசலாம்னு துண்டு சீட்டுல எழுதி கொண்டாந்திருக்கேன். ஒண்ணு குப்பை.  ரெண்டாவது, இந்த விழாவ தாங்கி நிக்கிற மனுஷங்க. ரெண்டுக்கும் அடியில இருக்கறது எங்க அப்பாயி சொல்ற ஒரே பழமொழிதான், உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதே.

திருவையாத்துல தியாகராஜர் ஆராதனைக்கு டிக்கெட் கிடையாது. பாட வர்றவங்க சன்மானம் வாங்கறதில்ல. அவர் சமாதியான திதி புஷ்ய பகுள பஞ்சமி, அன்னைக்கு காலையில நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சு ராகத்துலயும் அவரோட பஞ்சரத்ன கீர்த்தனைகள அத்தன பேரும் சேந்து பாடுறப்ப, யாரு பெரிய வித்வான் யாரு நேத்து கத்துக்கிட்ட புள்ளன்னு தெரியாது, அப்படி ஒரு விழா. அத கேட்டு கண்ணு கலங்கி எந்திரிச்சு வர்ற நாமதான் டீ குடிச்ச கப்ப கரையில போட்டுட்டு போறோம். பேப்பர் கப்புதானேங்கறாங்க, உள்ள பூசியிருக்கறது பிளாஸ்டிக்குங்க, 2019 ஜனவரி 1லேருந்து தமிழ்நாட்டுல அந்த கப்புக்கும் தடை இருக்கு. மேட்டூர் அணைய வழக்கமா மூடறது ஜனவரி 28, ஆராதனையும் பெரும்பாலும் ஜனவரியிலதான் வருது, அதனால ஆத்துல தண்ணி இருக்கற நேரமா பாத்து நாம குப்பைய கொட்டுறோம், அது கும்பகோணம், மாயவரம், பூம்புகார்னு போயிட்டே இருக்கு. அந்த தண்ணி எந்தெந்த ஊர் வழியா போகுதுன்னு மட்டும் மனசுல வச்சுக்கங்க, திரும்ப வரேன்.

இங்கிலாந்துல கிளாஸ்டன்பரின்னு ஒரு பாட்டு திருவிழா. 1970ல மாட்டுப் பண்ணை வச்சிருந்த ஒரு விவசாயி ஆரம்பிச்சது, அன்னைக்கு டிக்கெட் ஒரு பவுண்டு, பால் இலவசம். இன்னைக்கு லட்சக்கணக்குல ஜனம் கூடுது, ஆனாலும் சில வருஷத்துக்கு ஒரு தடவ விழாவே வேணாம்னு நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு குடுக்கறாங்க, 2018ல அப்படித்தான் நடத்தல. 2019ல பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி விக்கறதையே நிறுத்திட்டாங்க. தேரோட்டத்துக்கு தண்ணிப்பந்தலும் பானகமும் வச்சு பழகின ஊர் நம்மது. எவர்சில்வர் டம்ளரும் குழாய் வச்ச டிரம்மும் நமக்கு பெரிய விஷயமா? பந்தல் வாசல்ல பாட்டிலே விக்கக்கூடாதுங்கறதுதான் என் கோரிக்கை, தலைவர் அய்யா குறிச்சுக்கணும்.

ரெண்டாவதுக்கு வரேன். அதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லிடறேன், இந்த ஊர்ல நின்னுக்கிட்டு அத சொல்லாம போனா தப்பு.

பெங்களூர் நாகரத்தினம்மா. தேவதாசி குலத்துல பொறந்தவங்க, மெட்ராஸ்ல பாடகியா பேரும் புகழுமா, பணத்துக்கு குறைவில்லாம இருந்தவங்க. அவங்க குருநாதர் பிடாரம் கிருஷ்ணப்பா லெட்டர் போடுறாரு, திருவையாத்துல தியாகராஜர் சமாதி பாழடைஞ்சு கெடக்கும்மான்னு. 1847ல சமாதி ஆன மகான், இடம் புதர் மண்டி கெடக்கு. அந்தம்மா கெளம்பி வந்துட்டாங்க! எடத்த வாங்கினாங்க, சேத்து வச்ச சொத்த போட்டு 1920கள்ல கோயில் எழுப்பினாங்க, இன்னைக்கு நாம விழுந்து கும்புடுற கோயில் அதுதான். அப்ப இங்க பெரிய கட்சி, சின்ன கட்சின்னு ரெண்டு கோஷ்டி, ஆளுக்கொரு ஆராதனை. சரி, கோயில் கட்டின அம்மாவ பாட விட்டாங்களா? விடலீங்க. பொம்பளைங்க சன்னதியில பாடக்கூடாதுன்னுட்டாங்க. காசு போட்டது அவங்க, கல்லு வச்சது அவங்க, பாட மட்டும் அனுமதியில்ல! வேற யாரா இருந்தாலும் கோவிச்சுக்கிட்டு ரயிலேறியிருப்பாங்க. இந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா, பொம்பளைங்களா சேத்துக்கிட்டு சமாதிக்கு பின்பக்கமா உக்காந்து பாடினாங்க. நீ முன்னாடி பாடு, நான் பின்னாடி பாடுறேன், சாமிக்கு ரெண்டும் கேக்கும்! (இங்க கைதட்டல் நிக்க கொஞ்ச நேரமாச்சு.) 1940 வாக்குல கட்சி எல்லாம் ஒண்ணாச்சு, பொம்பளைங்களும் முன்னாடி வந்தாங்க. 1952ல அந்தம்மா போய்ச் சேந்தாங்க, அவங்க சமாதியும் அங்கேயே, சிலை அந்த கோயில பாத்தே உக்காந்திருக்கு. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாம இருக்கறதுன்னா இதுதாங்க. ஒரு விழா நூறு வருஷம் தாண்டி நிக்கணும்னா யாரையெல்லாம் வெளிய நிறுத்தியிருக்கோம்னு பாக்கணும், அத பாக்காம டம்ளர மட்டும் மாத்தி புண்ணியமில்ல.

இன்னைக்கு வெளிய நிக்கறது யாரு? நான் எங்க போனாலும் இதத்தான் பேசறேன்னு சில பேருக்கு அலுப்பா இருக்கலாம், இருந்தாலும் பேசுவேன். நாகஸ்வரம் செய்யற ஆசாரியும், அதுல வாய் வச்சு ஊதற சீவாளிய கட்டறவரும்தான். மங்கள இசை இல்லாம எந்த விழா ஆரம்பிக்குது? ஆனா கச்சேரி உலகத்துல நாகஸ்வரத்த ஆரம்பிச்சு வைக்க கூப்பிடுறோம், அப்புறம் ஜனம் வந்து உக்காந்து கேக்கற சாயங்கால நேரத்த வேற யாருக்கோ குடுத்துடறோம். வாசிக்கறவருக்கே இந்த நெலமன்னா செஞ்சு குடுக்கறவர யாரு கேக்கறது. ஆடுதுறை பக்கம் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாகஸ்வரத்த ரங்கநாதன் ஆசாரிகிட்ட செய்யச் சொல்லி வாங்கினது அங்கதான். 2022ல புவிசார் குறியீடு கெடச்சுது, சந்தோஷம், ஆனா செய்யற குடும்பத்த விரல் விட்டு எண்ணிடலாம். அவங்க பச்ச மரத்த வெட்டுறதில்ல, இடிக்கிற பழைய வீட்டு ஆச்சா மரத் தூணையும் உத்தரத்தையும் வாங்கி கடையறாங்க. மறுசுழற்சின்னு நாம இப்ப மாநாடு போட்டு பேசறத அவங்க தாத்தா காலத்துலேருந்து செஞ்சுக்கிட்டிருக்காங்க.

சீவாளி இருக்கே, அது கொறுக்கைத் தட்டை. காவிரிக் கரையில முளைக்கிற புல்லு. அத வெட்டி மாசக்கணக்குல காய வச்சு, பக்குவப்படுத்தி, நூல் சுத்தி கட்டணும், அது இல்லேன்னா எப்பேர்ப்பட்ட வித்வான் ஊதினாலும் காத்துதான் வரும். இத கட்டறதுல பேர்போன ஊரு திருவாவடுதுறை, அதுவும் கும்பகோணம் தாண்டி மாயவரம் போற வழி. நாம போட்ட கப்பு போற வழின்னு சொன்னேன்ல, அதே வழி. கரைய வெட்டி, மண்ண அள்ளி, குப்பைய கொட்டிட்டு, மேடையில தோடி ராகம் கேக்கணும்னா எங்கேருந்துங்க கேக்கும்?

அதனால என் கோரிக்கை இது. பந்தலுக்கு பக்கத்துல, ஜனம் நடமாடுற எடத்துல, சீவாளி கட்டறவங்களுக்கும் நாகஸ்வரம், மிருதங்கம், வீணை செய்யறவங்களுக்கும் வாடகை இல்லாம கடை போட்டுக் குடுக்கணும். அவங்க செய்யறத புள்ளைங்க கிட்ட நின்னு பாக்கணும். நாகஸ்வரத்துக்கு ஒரு சாயங்கால நேரம் முழுசா வேணும். கரையில ஒரு துண்டு எடத்த கொறுக்கைக்குன்னு ஒதுக்கி, வேலி போட்டு, யாரும் அள்ளாம கொளுத்தாம பாத்துக்கணும்.

தலைவர் அய்யா மணி அடிச்சிட்டாரு, முடிச்சுக்கறேன். மேடைக்கு எடதுபக்கம் ஒரு நோட்டு வச்சிருக்கு. கரையில நின்னு கப்பு பொறுக்க வர்ற தம்பிகள் ஒரு பக்கமும், டிரம், டம்ளர் குடுக்கறவங்க இன்னொரு பக்கமும் பேரு எழுதுங்க. கொறுக்கை வேலிக்கு மூங்கில் தர்றேன்னு வர்த்தகர் சங்க அண்ணன் இப்பத்தான் சைகை காட்டினாரு, அவர் பேர முதல் வரியில நானே எழுதிடறேன்.